பேரை மட்டும் அதில் எழுதுங்க

போன இதழில் கல்யாணப் பத்திரிகைகளைப் பற்றிச் சொல்லும்போது, இழை மாதிரி மெலிந்த கையெழுத்து ஃபாண்டில் முழுப் பத்திரிகையையும் அடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை வேறு கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி: வணக்கமுங்க. தை மாசம் தங்கச்சிக்குக் கல்யாணம், பத்திரிகை வேலையை நான்தான் பார்க்கிறேன். முடி மாதிரி மெல்லிசா வளைஞ்சு போற அந்த எழுத்து அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க வேண்டாங்கறீங்க. ஏனுங்க, அதுல என்ன குத்தம்?

குத்தம் ஒன்றும் இல்லை அம்மிணி, எனக்கும் அது பிடித்த எழுத்துதான். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் எங்கே வைக்கலாம் என்பது தானாகப் புரியும், அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கணக்கு எழுதுபவர்களும் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்களும் எழுதிய ஓட்டக் கையெழுத்து அது. அவர்கள் எழுதியதைச் செம்புத் தகட்டில் செதுக்கி, பார்த்து எழுதிப் பழகும் புத்தகமாக அச்சடித்தார்கள். இன்றைக்கும் அதற்கு ‘காப்பர்பிளேட்’ என்று பெயர் இருப்பது அதனால்தான். முதலில் இறகுப் பேனா, பிறகு கூர்மையான இரும்பு நிப்பு. கீழே இழுக்கும்போது கொஞ்சம் அழுத்தினால் நிப்பின் இரண்டு காலும் விரிந்து கோடு தடிக்கும், மேலே போகும்போது கையைத் தளர்த்தினால் நூலாக மெலியும். தடிமனும் மெலிவும் இப்படி மாறி மாறி வருவதில்தான் அதன் அழகு முழுவதும் இருக்கிறது. கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைக்கும் ‘கிரேட் வைப்ஸ்’ அந்த வழியில் வந்தது. இன்னொரு வகையில் அழுத்தமே இருக்காது, பால்பாயிண்ட் பேனாவில் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டது போல ஒரே கனத்தில் ஓடும். இப்போது கல்யாண ஆல்பங்களிலும் துணிக்கடை விளம்பரங்களிலும் நாம் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

இரண்டு வகையுமே ஒருவர் நமக்காக உட்கார்ந்து எழுதிக் கொடுத்த மாதிரி ஒரு நெருக்கத்தைத் தரும். ஆகவே, ஒரு மனிதர் தன் கையால் எழுதக்கூடிய இடத்தில் அது அழகாக உட்காரும். மணமக்கள் பெயர், ‘அன்புடன் அழைக்கிறோம்’ என்கிற ஒரு வரி, அவ்வளவுதான். தேதி, முகூர்த்த நேரம், மண்டபம், வழி, போன் நம்பர் எல்லாம் விவரம். விவரத்தை யாரும் ரசித்துப் படிப்பதில்லை, கண்ணை ஓட்டிவிட்டுப் போகிறார்கள். ஓட்டும் கண்ணுக்கு நிமிர்ந்த எழுத்து வேண்டும்.

நான் அச்சகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு பத்திரிகை அடித்தோம். மெரூன் அட்டை, தங்க நிறம், தேதி உட்பட எல்லாமே மெலிந்த எழுத்து. கல்யாணம் 17-ம் தேதி. அந்த ஃபாண்டில் 7-க்கு மேல்கோடு சின்னதாக வளைந்து தண்டு சாய்ந்து இறங்கும், 1-க்கும் தலையில் அதே மாதிரி ஒரு கொடி உண்டு. பெண்ணுக்கு அப்பாரு முறையாகும் ஒரு பெரியவர் 11-ம் தேதி காலையில் தாராபுரத்துப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, பூட்டிக் கிடந்த மண்டபத்து வாசலில் மஞ்சப்பையோடு நின்றிருக்கிறார். வாட்ச்மேன் பத்திரிகையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, ‘இது பதினேழுங்க அய்யா’ என்று சொல்லியிருக்கிறார். புரூஃப் பார்த்தவன் நான். அந்தச் செய்தி வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, இத்தனை வருசம் கழித்து எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

சரி, உங்கள் தங்கச்சி பத்திரிகைக்கு வருவோம். பெயர் இரண்டையும் அந்த எழுத்தில் போடுங்கள், 30 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம். மற்றதெல்லாம் 12 பாயிண்டில் சாதாரண எழுத்து. ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு. எழுத்தின் மெல்லிய கோடு கால் பாயிண்டுக்குக் கீழே போனால் அச்சில் விட்டு விட்டு விழும். அடர்ந்த நிறத்தில் எழுத்தை வெள்ளையாக விட்டு அடிப்பதாக இருந்தால் இன்னும் கனம் வேண்டும், ஏனென்றால் சுற்றியிருக்கும் மை உள்ளே பரவிக் கோட்டை மூடிவிடும். தங்க ஃபாயில் என்றால் வளையங்களைக் கவனியுங்கள். ‘மணமகன்’ என்ற ஒரு சொல்லிலேயே மூணு சுழி ‘ண’வும் ரெண்டு சுழி ‘ன்’னும் இருக்கின்றன, சின்ன அளவில் ஃபாயில் அடைத்துக்கொண்டால் எது மூணு எது ரெண்டு என்று தெரியாது. இங்கிலீஷில் பெயர் போட்டால் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாகப் போடாதீர்கள், இந்த வகையில் பெரிய எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், படிக்கவே முடியாது. எழுத்துக்கு நடுவே இடைவெளியை இழுத்து விடவும் கூடாது, இணைப்பு அறுந்துவிடும். அப்புறம், கம்ப்யூட்டரில் பார்த்து ஓகே சொல்லாமல் அதே அட்டையில் அதே அளவில் ஒரு புரூஃப் வாங்கி, சாயங்காலம் ட்யூப்லைட் வெளிச்சத்தில் வீட்டிலேயே வயசான ஆள் யாரோ அவர் கையில் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்: சின்ன யூனிட்டுங்க. குழந்தைகள் டீ-சர்ட்டுக்கு நெஞ்சுல ‘அன்பு’ன்னு மெல்லிய கையெழுத்தில் எம்பிராய்டரி கேட்கறாங்க. பஞ்சிங் போடறவரு இது வராதுங்கறாரு. பையர் டிசைனை மாத்தக்கூடாதுங்கறாரு. நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்.

பஞ்சிங் போடுபவர், அதாவது டிசைனை எம்பிராய்டரி மெஷினுக்கான தையலாக மாற்றிக் கொடுப்பவர், சொல்வதில் நியாயம் இருக்கிறது. எம்பிராய்டரிக்கு வழக்கமாகப் போடும் 40-ம் நம்பர் நூலே கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர் தடிமன். சாட்டின் தையலில் ஊசி கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி இறங்கும். கோடு ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் இரண்டு பக்கத்து ஓட்டையும் நெருங்கி, பனியன் துணியில் ஓட்டை பெரிதாகும் அல்லது நூல் அறும்.

ஆனால் முடியவே முடியாது என்று இல்லை. கீழிறங்கும் கோடுகளை மட்டும் சாட்டினில் ஒன்றேகால் மில்லிமீட்டருக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், மேலேறும் மெல்லிய கோடுகளை ரன்னிங் தையலில் போய்த் திரும்பி வருகிற மாதிரி இரண்டு ஓட்டமாகப் போடச் சொல்லுங்கள். பேனா எப்படித் தடித்து மெலிந்ததோ அதே தாளம் நூலிலும் வந்துவிடும். ‘ன்’ மேல் இருக்கிற புள்ளியை டிசைனில் இருப்பதைவிடப் பெரிதாக்கியே ஆக வேண்டும். சின்னப் புள்ளி நிட் துணிக்குள் அமுங்கினால் ‘அனபு’ ஆகிவிடும், அதைப் போட்டுக்கொண்டு ஒரு குழந்தை ஊரெல்லாம் சுற்றும். துணிக்குப் பின்னால் தாங்கலாக வைக்கும் பேக்கிங் (backing) பேப்பர் கனமாக வையுங்கள். இரண்டு சாம்பிள் அடித்து, ஒன்று டிசைனில் இருந்தபடி, இன்னொன்று இப்படி மாற்றியது, இரண்டையும் ஐந்து தடவை துவைத்துப் போட்டு பையருக்கு அனுப்புங்கள். வார்த்தையில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, துணியைப் பார்த்தால் அவருக்கே தெரியும்.

எழுத்தை அப்படியேதான் வேண்டும் என்று நின்றால் எம்பிராய்டரியை விட்டுவிட்டு ஸ்கிரீன் பிரிண்டுக்கு வந்துவிடுங்கள், நெருக்கமான மெஷ் போட்டால் மெல்லிய கோடு பிடிக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர்: நெட்டில் ஃப்ரீயாகக் கிடைக்கும் ஃபாண்டைக் கடை வேலைக்குப் போடலாமா?

எல்லாவற்றையும் போட முடியாது. கையெழுத்து வகை ஃபாண்டுகளில் நிறைய ‘பர்சனல் யூஸ்’ என்று சொல்லித்தான் இலவசமாகத் தருகிறார்கள், காசு வாங்குகிற வேலைக்கு அதற்குத் தனியாக லைசென்ஸ் வாங்க வேண்டும். டவுன்லோடு செய்த ஃபோல்டரில் கூடவே ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும், அதைப் படியுங்கள். ‘ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ்’ என்று இருந்தால் போர்டு, லேபிள், பத்திரிகை எதற்கும் போடலாம், அந்த ஃபாண்டை மட்டும் தனியே விலை வைத்து விற்கக் கூடாது. ஒரு ஃபாண்ட் செய்ய ஒருவர் மாதக்கணக்கில் உட்காருகிறார். அவர் கேட்டால் கொடுத்துவிடுவதுதான் முறை.

பெருந்துறையில் படிக்கும் ஒரு மாணவி: இங்கிலீஷில் இத்தனை விதம் இருக்கிறது. தமிழில் ஏன் இந்த மாதிரி நளினமான எழுத்து இல்லை?

இல்லை என்று சொல்லாதே கண்ணு. நம்முடைய நளினம் வேறு இடத்தில் இருக்கிறது.

இங்கிலீஷ் கையெழுத்தின் அழகு நிப்பிலிருந்து வந்தது என்று மேலே சொன்னேன். நமக்கு நூற்றாண்டுக் கணக்கில் எழுத்தாணியும் பனையோலையும். எழுத்தாணி அழுத்தினால் தடிக்காது, தளர்த்தினால் மெலியாது, ஒரே கீறல். கீறிய பிறகு கரியைத் தடவித் துடைத்தால் கீறலுக்குள் கறுப்பு நிற்கும், அப்போதுதான் எழுத்தே கண்ணுக்குத் தெரியும். ஓலையின் நரம்போடு நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும், அதனால் கை வளைந்து வளைந்து போனது என்பார்கள். புள்ளி குத்தினால் ஓட்டை விழும் என்று புள்ளியையே விட்டுவிட்டு எழுதினார்கள். ஆகவே தமிழ் எழுத்துக்கு அழகு சுழியிலும் வளைவிலும் கை ஓடுகிற ஓட்டத்திலும்தான். ‘ழ’வின் வாலை ஒரு இழுப்பில் இழுத்துப் பார், ‘ஞ’வை எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்கிறோம் என்று மெதுவாக எழுதிப் பார், நான் சொல்வது புரியும். காப்பர்பிளேட்டின் தடிமன் மெலிவை அப்படியே தமிழுக்குப் போட்டால் ‘ண’வின் மூன்று சுழியும் அடைத்துக்கொள்ளும்; பலர் போட்டுப் பார்த்து விட்டுவிட்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரே கனமுள்ள மெல்லிய பேனா எழுத்துதான் தமிழுக்கு ஒத்துப்போகிறது, எழுத்தாணிக்கு அது நெருக்கம்.

உன் ஊருக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, நேரம் கிடைத்தால் அறச்சலூர் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வா. தமிழ் பிராமி என்கிற நம் மிகப் பழைய எழுத்து, வளைந்து ஓடும் வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்தது. தாள எழுத்துகளைக் கட்டம் கட்டமாக அடுக்கிவிட்டு, ‘எழுத்தும் புணருத்தான்’ (எழுத்துகளைச் சேர்த்து அமைத்தவன்) என்று தன் பெயரையும் பொறித்திருக்கிறான், மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். நொய்யல் கரையில் கொடுமணலில் கிடைத்த பானை ஓடுகளில் ஆட்களின் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். இது என்னுடையது என்று ஒரு கை கீறிய கீறல். ஈரோட்டுச் சீமையில் ஈராயிரம் வருசமாகக் கையெழுத்துக்கு முதல் வேலை பெயர் எழுதுவதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது போடுவதற்கு வேண்டுமென்றால், கூகுள் ஃபாண்ட்ஸில் ‘கவிவாணர்’ இருக்கிறது, இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் செய்தது, சாய்ந்த கையெழுத்து நடை, இழையாக மெலியாது, ஆனால் படிக்க சுகமாக இருக்கும். மெலிவு வேண்டுமென்றால் ‘அரிமா மதுரை’யின் (இப்போது ‘அரிமா’ என்ற பெயரில் இருக்கிறது) ‘தின்’ என்கிற மிக மெல்லிய வகையைப் பெரிய அளவில் போட்டுப் பார். முனையெல்லாம் மென்மையாக உருண்டிருக்கும்.

காங்கயத்திலிருந்து ஒரு வாசகி: மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறோம். லேபிளுக்கும் கடை போர்டுக்கும் ஒரே கையெழுத்து ஃபாண்டைப் போடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார்.

லேபிளில் உங்கள் எண்ணெயின் பெயரை மட்டும் போடுங்கள், கையால் செய்த பொருள் என்பதை அந்த எழுத்தே சொல்லிவிடும். கடலை எண்ணெயா நல்லெண்ணெயா என்பது, எடை, விலை, தேதி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ்) நம்பர் எல்லாம் நிமிர்ந்த எழுத்தில். எடையையும் விலையையும் எத்தனை உயரத்தில் போட வேண்டும் என்று சட்டத்திலேயே அளவு இருக்கிறது, பாக்கெட் பெரிதாக ஆக அந்த உயரமும் கூடும். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு லேபிள் மங்கும், மெல்லிய கோடுதான் முதலில் போகும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர்டுக்கு வேண்டாம். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று போர்டு எழுதுபவர்கள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள், நூறடி தள்ளி பைக்கில் வருகிறவர் படிக்கப் பத்தங்குல எழுத்து வேண்டும். அதுவும் கனமான எழுத்துக்குச் சொன்ன கணக்கு. மெலிந்த எழுத்து அந்தத் தூரத்தில் வானத்தோடு கரைந்துவிடும். ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுவதாக இருந்தால் இன்னும் மோசம், மெல்லிய வால்கள் ஒரு கோடை வெயிலுக்குத் தாங்காது, சுருண்டு எழுந்துகொள்ளும்.

பவானியிலிருந்து ஒரு வாசகர்: டிடிபி வேலை பழகறேனுங்க. தமிழ் ஃபாண்டு போட்டா ‘கொ’ல கொம்பு பின்னால போயிடுது. இன்னொரு ஃபைலைத் திறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்தா வருது.

இரண்டும் வேறு வேறு கோளாறு தம்பி. முதலாவது, ஃபோட்டோஷாப் பழைய பதிப்பு என்றால் டைப் அமைப்புக்குள் போய் ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், யூனிகோட் (எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தமிழில் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். இரண்டாவது, அந்த ஃபைல் ‘பாமினி’ மாதிரி பழைய முறை ஃபாண்டில் அடித்தது. அதில் உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்துகளின் எண், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும், ஃபாண்ட் இல்லாத மெஷினில் போர்வை விலகிவிடும். யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கையெழுத்து ஃபாண்ட் போட்ட வேலையை அச்சகத்துக்கு அனுப்பும்போது கட்டாயம் கர்வ் ஆக்கி, அதாவது எழுத்தை வெறும் உருவமாக மாற்றி அனுப்புங்கள், எழுத்தாகத் திருத்தக்கூடிய ஒரு ஃபைலையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

கரூரிலிருந்து ஒரு வாசகி: எங்க அப்புச்சி எழுதின இன்லண்ட் லெட்டர்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கு. நுணுக்கி நுணுக்கி, மெல்லிசா, அவ்வளவு அழகா எழுதுவார். அவர் போய் ஆறு வருசமாச்சு. அந்தக் கையெழுத்தையே ஃபாண்டாக்க முடியுங்களா? 247 எழுத்தும் கிடைக்குமான்னு பயமா இருக்கு.

முடியும். 247-ம் வேண்டியதில்லை. உயிர் 12, ஆய்தம் 1, ‘க’விலிருந்து ‘ன’ வரை 18, உகர ஊகார எழுத்துகள் 36, இகர ஈகார எழுத்துகள் 36, புள்ளி வைத்த மெய் 18, அப்புறம் கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று 4. மொத்தம் 125. மற்றதெல்லாம் இவற்றை அடுக்கினால் வந்துவிடும். ஜ, ஷ, ஸ, ஹ, ஸ்ரீ கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், எண்களையும் விட்டுவிடாதீர்கள். கிடைக்காமல் போகிறவை பெரும்பாலும் ‘ஙூ’, ‘ஞூ’ போன்றவையாகத்தான் இருக்கும், அவற்றை நாம் எழுதுவதே இல்லை.

கடிதத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். இன்லண்ட் நீலத் தாளில் நீல மை என்றால் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்யாதீர்கள், மெல்லிய கோடெல்லாம் போய்விடும், கலரிலேயே செய்து பிறகு பிரியுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று நான்கு மாதிரி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ‘ஃபாண்ட்ஃபோர்ஜ்’ இலவசம், அதில் செய்யலாம். இரண்டு ‘க’ பக்கத்தில் வந்தால் இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே மாதிரி இருந்து கையெழுத்து உயிரை இழக்கும், அதற்குத்தான் மாற்று வடிவம் வைப்பது. ‘அக்கா’ என்று அடித்தால் முதல் ‘க்’ ஒரு மாதிரி, அடுத்த ‘கா’ வேறு மாதிரி வரும்படி விதி எழுதிவிடலாம்.

ஒன்றை மட்டும் மறக்காமல் பாருங்கள். அவர் ‘லை’, ‘னை’ இரண்டுக்கும் தும்பிக்கை போட்டிருக்கிறாரா? 1978-க்கு முன்னால் எழுதப் படித்தவர்கள் ‘ணை, லை, ளை, னை’ நான்குக்கும் எழுத்தின் தலைக்கு மேல் ஒரு தும்பிக்கை வைப்பார்கள், ‘ணா, றா, னா’வுக்குக் கீழே சுழிப்பார்கள். ஈரோட்டுப் பெரியார் 1930களிலேயே தன் பத்திரிகையில் மாற்றி அச்சிட்டுக் காட்டியது, 1978-ல்தான் அரசாணையாக வந்தது. ஆணை வந்த பிறகும் பழகிய கை மாறவில்லை, நிறையப் பெரியவர்கள் கடைசி வரை தும்பிக்கையோடுதான் எழுதினார்கள். யூனிகோடில் இதற்குத் தனி எண் கிடையாது, ‘ல’வும் ஐகாரமும் சேரும்போது எந்த உருவம் வர வேண்டும் என்பதை ஃபாண்ட்தான் முடிவு செய்கிறது. ஆகவே அவருடைய ஃபாண்டில் தும்பிக்கை ‘லை’யையே முதல் வடிவமாக வையுங்கள், இன்றைய ‘லை’யை மாற்று வடிவமாக வைத்துக்கொள்ளலாம். சரிசெய்கிறேன் என்று கோட்டை நேராக்கிவிடாதீர்கள், அவர் ‘ழ’ வரிக்குக் கீழே எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு இறங்கட்டும்.

ஃபாண்ட் தயாரானதும் அதில் ஒரு பாராவை அடித்துவிட்டு, பக்கத்தில் அப்புச்சியின் ஒரிஜினல் கடிதத்தை வைத்து, உங்கள் அம்மாவிடம் காட்டுங்கள். ‘இந்த எழுத்து அவரு இப்படிப் போடமாட்டாரே’ என்று அவர் எதைச் சொல்கிறாரோ அதைத் திருத்துங்கள். ‘லை’யும் ‘ழ’வும் வருகிற மாதிரி கடிதத்தில் நாலு வரியை மட்டும் ஸ்கேன் எடுத்து எனக்கும் அனுப்புங்கள், கோடு எவ்வளவு மெலியலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.